கறுப்பு வெள்ளைக் காளான்

என் மனைவி செங்கமலம் யாரையும் நம்பமாட்டாள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "மழை வருது, துணிய எடு" என்று நான் சொன்னால், வாசலுக்கு வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் ஒருமுறை, பக்கத்து சீட்டில் ஒருமுறை, "இது புதுக்கோட்டைதானே போகுது" என்று கேட்பாள். போர்டு படிக்கத் தெரியாதவள் இல்லை. போர்டு மாட்டுகிறவன் மேல் நம்பிக்கை இல்லை.

அவளையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. திருமயத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஒரே ஆளுக்கு மூன்று பிறந்த தேதி, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவருக்கு இறப்புச் சான்றிதழ், எல்லாம் அவள் மெஷினைத் தாண்டிப் போயிருக்கிறது. கடை போட்ட இரண்டாம் வருடம் யாரோ ஒருவன் ஒரு பத்திரத்தை நகல் எடுக்க வந்தான். அவள் அப்பா தன் பங்கு நிலத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. கீழே அழகான கையெழுத்து. என் மாமனார் சாகும்வரை கைநாட்டு வைத்த மனுஷன்.

அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொரு தாளையும் படித்துவிடுவாள். சந்தேகம் வந்தால் தனக்கென்று ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொள்வாள். கலர் மெஷின் முன்னால் இருக்கிறது, வருகிறவர் கண்ணெதிரே தாள் விழும். அதனால் திருட்டு நகலெல்லாம் உள்ளே தடுப்புக்குப் பின்னால் இருக்கும் மெஷினில்தான். அது கறுப்பு மட்டும்தான் போடும். இது தப்பு என்று சொல்லி நான் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆடி மாதம் தமிழ்செல்வன் வந்தான். டிராக்டர் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்க்கிற இருபத்தாறு வயதுப் பையன், மரியாதையான பேச்சு. வாட்ஸ்அப்பில் ஒரு புத்தகத்தை அனுப்பி, பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போடச் சொன்னான். செடியைப் பார்த்து நிலத்தடி நீர் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு புத்தகம். ஆவணியில் கயிறு முடிச்சுகள். புரட்டாசியில் வந்ததுதான் வினை. தடம் தெரியாமல் நடப்பது, புகை தெரியாமல் தீ மூட்டுவது, முயலுக்குக் கண்ணி வைப்பது.

அன்று வீட்டுக்கு வந்ததும் சோற்றைக்கூடப் போடாமல் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, நல்ல குடும்பத்துப் புள்ளைக்கு எதுக்குங்க தடம் தெரியாம நடக்கணும்?"

"ஏதாச்சும் பரீட்சைக்குப் படிப்பான். விடு."

"என்ன பரீட்சை? புகை தெரியாமத் தீ மூட்டுற பரீட்சையா? எவனோ காட்டுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கான், இவன் புத்தகம் கொண்டு போய்க் குடுக்கிறான்."

"அவன்கிட்டயே கேட்டுப்புட்டா தெரிஞ்சிடப் போவுது."

"கேட்டா உஷாராயிருவான். ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இருங்க."

பேசாமல் இருந்தேன். முப்பது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே தொழில் அது, ஆட்டோவெல்லாம் அப்புறம்தான்.

ஐப்பசி மழை விட்டு மூன்று நாள் ஆன ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தமிழ்செல்வன் மறுபடி வந்தான். நானும் கடையில் இருந்தேன். இந்தத் தடவை காட்டில் கிடைப்பதைத் தின்று மூன்று நாள் ஓட்டுவது பற்றிய புத்தகம். கீரை, கிழங்கு, காளான் என்று நூறு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் போட்டோ.

"கலர்ல போட்டுருங்கக்கா. நாளைக்குக் காலையிலேயே கெளம்புறோம்."

செங்கமலம் ஸ்கிரீனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். முகத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் இரண்டு செட் எடுக்கப் போகிறாள். முன்னால் இருக்கிற மெஷினில் எப்படி எடுப்பாள்?

"கலர் மெஷின் ரிப்பேர் தம்பி. பிளாக்லதான் வரும்."

காலையில் அதே மெஷினில் கல்யாணப் பத்திரிகை போட்டவள். கொஞ்சங்கூடக் கண் சிமிட்டவில்லை.

"பரவாயில்லக்கா. எழுத்து தெரிஞ்சாப் போதும்" என்றான் அந்தப் பாவி.

அவள் உள்ளே போனாள். அவன் வாசலில் நின்று போனில் யாரிடமோ, "பொன்னமராவதி தாண்டி, சுனை இருக்குற அந்தக் கரட்டுக் குன்றுதான், காலையில ஏழு மணி பஸ்" என்று பேசினான். உள்ளே மெஷின் சத்தத்தையும் மீறி அது அவள் காதில் விழுந்திருக்கிறது. இவள் காதுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

மறுநாள் காலை கடையைத் திறப்பதற்கு முன்பே தன் நகலைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டாள். என் ஆட்டோவில்தான். மனுஷன் மானம் போகிறதே என்று நான் வெளியிலேயே நின்றேன். ஏட்டு பாதிவரை புரட்டினார்.

"என்னம்மா இது, படமெல்லாம் கரியாட்டம் இருக்கு? இத வச்சு நான் அய்யாகிட்ட என்னத்தச் சொல்ல? கலர்ல எடுத்துட்டு வாங்க, பாப்போம்."

திரும்பி வந்து கலர் மெஷினில் போட்டாள். நான் பக்கத்தில் நின்று தாளை அடுக்கினேன். கீரை போனது, கிழங்கு போனது. காளான் பக்கம் விழுந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

ஒரு பக்கத்துக்கு எட்டுப் படம். எட்டிலும் வெள்ளைக் குடைக் காளான்தான். சில படங்களைச் சுற்றிப் பச்சைக் கட்டம், சிலவற்றைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். அடியில் எழுதியிருந்தது: பச்சைக் கட்டத்தில் உள்ளது உண்ணலாம், சிவப்புக் கட்டத்தில் உள்ளது விஷம். இன்னொரு வரி: விஷக் காளானின் அடிப்பக்கம் நன்றாக விரிந்த பிறகே லேசாகப் பச்சை பூக்கும்.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எட்டுப் படம், எட்டும் கறுப்புக் கட்டம். எது பச்சை, எது சிவப்பு என்று அந்த எமனுக்குத்தான் வெளிச்சம்.

"ஏங்க" என்றாள். "அந்தப் புள்ளைங்க இத வச்சுக்கிட்டுல்ல காட்டுக்குப் போயிருக்கு."

மழை விட்டு நாலு நாள், புற்றுக்குப் புற்று காளான் முளைத்துக் கிடக்கும் நேரம். தமிழ்செல்வனுக்கு எட்டுத் தடவை போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறான் என்று எட்டுத் தடவையும் அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

அன்று திருமயத்திலிருந்து பொன்னமராவதிக்கு நான் ஓட்டியதுபோல் ஆட்டோவை ஒருநாளும் ஓட்டியதில்லை. பின்னால் உட்கார்ந்து அவள் அந்தப் புத்தகங்களையே சொல்லிக்கொண்டு வந்தாள். தண்ணீருக்குப் பக்கத்தில் கூடாரம் போடக்கூடாது, இருநூறு அடி தள்ளி மேட்டில் போடவேண்டும். காற்றுக்கு மறைவாகப் பாறை இருக்கவேண்டும். மூன்று மாதமாகச் சந்தேகத்தில் வரி விடாமல் படித்தவள், மனப்பாடமாகவே தெரிந்திருந்தது.

வழி கேட்டுப் போய், கரட்டடியில் ஆட்டோவை விட்டு ஏறினோம். தடமும் இல்லை, புகையும் இல்லை. படித்ததை அப்படியே செய்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். செங்கமலம் முதலில் சுனையைக் கண்டுபிடித்தாள். அங்கே நின்று மேட்டைப் பார்த்தாள்.

"அந்தா, அந்தப் பாறைக்குப் பின்னாடி. வாங்க இங்கிட்டு."

முள் கிழித்துப் புடவை நார் நாராகத் தொங்கியது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பாறைக்குப் பின்னால்தான் இருந்தார்கள். தமிழ்செல்வனோடு இரண்டு பையன்கள், ஒரு பெண். பானையில் காளான் அப்படியே இருந்தது. முதலில் ஒருவர் மட்டும் கொஞ்சம் தின்று மூன்று மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். சீட்டுக் குலுக்கியதில் அந்தப் பெண் பெயர் வந்திருக்கிறது. இசைவாணி, காலேஜ் கடைசி வருடம் படிக்கிறவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வாயோரம் நுரை, கண் சொருகிவிட்டது.

"எல்லாக் கட்டமும் கறுப்பா இருந்துச்சுக்கா, இதான் பச்சைன்னு நெனச்சேன்" என்று தமிழ்செல்வன் அழுதான். "நான்தான் பாத்துச் சொன்னேன்."

நாங்கள் எப்படி அங்கே வந்தோம் என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம். ஆட்டோவில் இசைவாணியின் தலை செங்கமலத்தின் மடியில் இருந்தது. பானையிலிருந்து ஒரு காளானை எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், டாக்டர் கேட்பார் என்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். காளானைப் பார்த்தார், அவள் நீட்டிய கலர்ப் பக்கத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "பொழச்சுக்குவா. இன்னும் நாலு வாய் தின்னிருந்தா சொல்றதுக்கில்ல" என்றார்.

அதோடு முடியவில்லை. விஷம் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போய்விடும். ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். பின்னாலேயே இசைவாணியின் அம்மா அழகி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறது அந்தப் பெண். அழகி நேரே தமிழ்செல்வனின் சட்டையைப் பிடித்தாள்.

"எம் புள்ளைக்கு என்னடா குடுத்த? ஆள் இல்லாத காட்டுக்கு எதுக்குடா கூட்டிட்டுப் போன? சார், இவன விடாதீங்க. இவன்தான் என்னத்தையோ கலந்து குடுத்துட்டான்."

"என்னடா, ஒத்துக்கிறியா?" என்றார் போலீஸ்காரர்.

"தின்னச் சொன்னது நான்தான் சார்" என்றான் அவன். "மாசம் ஒரு புத்தகம் படிப்போம். படிச்சத வெளியில போய், போனப் பாக்காம செஞ்சு பாப்போம். அவ்வளவுதான் சார். படத்த நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

"காட்டுக்குள்ள போய்ப் புத்தகம் படிச்சீங்களா? இத நான் நம்பணும்?" என்று அவர் சிரித்தார். "வா, ஸ்டேஷன்ல வந்து படி."

செங்கமலம் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழப் பார்ப்பது தெரிந்தது. நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"வாய மூடிக்கிட்டு இரு" என்றேன் மெதுவாக. "யாருக்கும் தெரியாது. புள்ள பொழச்சிருச்சுல்ல."

அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் கையை உதறிவிட்டு எழுந்தாள். தமிழ்செல்வன் கையிலிருந்த ஸ்பைரல் புத்தகத்தை வாங்கிக் காளான் பக்கத்தைப் பிரித்து பெஞ்சில் வைத்தாள். பக்கத்தில் தன் கலர்த் தாளை வைத்தாள்.

"சார், இதப் பாருங்க. இது அந்தத் தம்பி அனுப்பின படம். இது நான் போட்டுக் குடுத்தது. கலர்லதான் கேட்டுச்சு அந்தத் தம்பி. மெஷின் ரிப்பேர்னு பொய் சொன்னேன்."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"இன்னொரு நகல் திருட்டுத்தனமா எடுத்து இவன போலீஸ்ல மாட்டி விடலாம்னு. காலையில ஸ்டேஷனுக்கும் போயிட்டு வந்தேன். பாவம், இவன் ஒண்ணும் பண்ணல. எம் புத்திதான் கெட்டுப் போச்சு. எழுதிக்கங்க, எம் பேரு செங்கமலம்."

போலீஸ்காரர் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அழகியின் கை தமிழ்செல்வனின் சட்டையிலிருந்து நழுவியது. அவள் இழுத்ததில் கிழிந்துபோன சட்டைப்பையை அவளே நீவிவிட்டாள்.

"காலையிலேருந்து ஏதாச்சும் சாப்பிட்டியாப்பா?" என்று அவனிடம் கேட்டாள். செங்கமலத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அவன் செங்கமலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"மூணு மாசமா ஒங்க கடைக்கு வாரேன்" என்றான். "ஒரு நாளாச்சும் எங்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா."