சிவந்த உதடு

மயக்கத்தில் கிடப்பவர்களின் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். டாக்டர் வயிற்றைத் திறந்திருப்பார். நான் தலைமாட்டில் நின்று, முகத்தில் போட்ட துணியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். உதடு நீலம் பாய்ந்தால் ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம். சிவப்பாக இருந்தால், "நல்லா இருக்காருங்க டாக்டர்" என்று குரல் கொடுப்பேன். அதை நம்பித்தான் அவர் கத்தியைப் பிடிப்பார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு மார்கழிக் காலையில், பொன்னமராவதிப் பக்கத்து விவசாயி ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். முந்தின நாளே மனைவியோடு வந்து எதிர்த்த வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெறும் வயிற்றோடு வரணும், பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று பத்துத் தடவை சொல்லியிருந்தேன். மனுஷன் வந்து உட்கார்ந்தால் உதடு செக்கச்செவேல் என்று இருக்கிறது. எனக்கு வந்ததே கோபம்.

"வெத்தலை போட்டுட்டா வந்தீங்க? ஒரு நாளு வாயக் கட்ட முடியலையா ஒங்களுக்கு?"

அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "தலை விண்ணுவிண்ணுங்குதும்மா" என்றார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன். அவர் மனைவி வாசலில் பேர் பதிந்துகொண்டிருந்தார். வாயைக் கொப்பளிக்கவைத்து மேஜையில் ஏற்றிவிடலாம் என்று நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் டாக்டர் அவர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பல்லில் வெற்றிலைக் கறை ஒரு பொட்டு இல்லை.

"ராத்திரி எங்க படுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

அதற்குள் உள்ளே வந்துவிட்ட மனைவிதான் பதில் சொன்னார். "பனி ஆகாதுன்னு சன்னல்ல சாக்கை அடைச்சு, கரிச்சட்டியில கங்கு போட்டு வச்சேங்க. எனக்குப் புழுங்குச்சு, நான் வெளிய படுத்துக்கிட்டேன்."

டாக்டர் ஆபரேஷனை நிறுத்தினார். எங்களிடம் இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வரச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி, மூடின ரூம்ல கங்குலேர்ந்து வர்ற கரிவாயு ரத்தத்துல ஆக்சிஜன் எடத்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்காதும்மா. ரத்தம் செவப்பாவே இருக்கும், உள்ள மூச்சுக்குப் பஞ்சம். ஆக்சிஜனை நெருக்கி ஏத்தினாத்தான் அது எறங்கும்" என்றார்.

அந்த உதட்டைப் பார்த்து ஈதரை விட்டுக்கொண்டே, நல்லா இருக்காருங்க என்று கடைசிவரை சொல்லியிருப்பேன்.

மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கை வைத்து நானே பிடித்துக்கொண்டேன். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. மத்தியானம் அவர் கண்ணைத் தெளிவாகத் திறந்து, கஞ்சி கிடைக்குமா என்று கேட்டார். மூன்றாம் நாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

வராந்தாவில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நல்லா இருக்கணும்னுதானே நெருப்புப் போட்டேன். நானே கொல்லப் பாத்தேனே."

"நானுந்தாங்க" என்றேன். "வெத்தலைன்னு வைஞ்சு, வாயக் கழுவி உள்ள அனுப்பப் பாத்தேன்."

அந்த அம்மா அழுகையை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"வெத்தலையா? அவுக கல்யாணத்தன்னைக்கே வேண்டாம்னுட்டாக. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"