பெட்டிக்குள் இருந்த பன்றி

சுனாமிக்கு அடுத்த வருடம் சாய்ந்தமருதுக் கரையில் படகைப் பறிகொடுத்தவர்களுக்கு ஆடு கொடுத்தார்கள். படகு போனவனுக்கு ஆடு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்தது வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம். அவர்கள் யோசிக்காமலா கொடுப்பார்கள்? பிறந்ததிலிருந்து கடலை மட்டுமே நம்பிய மனிதர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டைப் பார்த்தார்கள். ஆடும் அவர்களைப் பார்த்தது.

அந்த ஆடுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த நதீரா. வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படித்தவள். ஆட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பிரியாணி வரைக்கும்தான். ஆடுகள் கிழிந்த வலையைத் தின்றன, பொலித்தீன் பையைத் தின்றன, மருதமுனையில் ஒன்று தறியில் ஏற்ற வைத்திருந்த பாவு நூலையே தின்றது. பிறகு ஒவ்வொன்றாக வயிறு ஊதிச் செத்தன. சனங்கள் வெறுங்கயிற்றோடு அவள் வாசலுக்கு வந்தார்கள்.

"மிஸ், உங்கட ஆடு மௌத்தாப் போயிட்டு."

கொடுக்கும்போது எங்கட ஆடு, செத்த பிறகு உங்கட ஆடு.

நதீரா விலங்கு விஞ்ஞானம் படிக்கத் தொடங்கியது இப்படித்தான். விலங்குகள் மீது இரக்கம் ஏற்பட்டு அல்ல, கோபத்தில். பிழை ஆட்டிலா, கொடுத்தவனிலா, வாங்கியவனிலா என்று அறிந்துவிட வேண்டும் என்ற ஆத்திரம் அவளை விடவில்லை. தொண்டு நிறுவனம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனதும் கல்முனையில் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை கிடைத்தது. நாவிதன்வெளிப் பக்கம் மாடு வளர்ப்பவர்களிடம் போய்வர ஒரு வெளிக்கள உத்தியோகத்தர் வேண்டும், ஆனால் சான்றிதழ் இல்லாமல் அந்த வேலை இல்லை என்று முகாமையாளர் சொன்னார். கடல் கடந்த ஒரு கல்லூரி இணையத்திலேயே படிப்பித்துச் சான்றிதழ் தருவதாக அறிவித்திருந்தது. கட்டாரில் இருந்த கணவன் மசூர், "படி, படி, சும்மாதானே இருக்க," என்றான். பகல் முழுக்கப் பால் அளந்து, மாலையில் சமைத்து, கிடைத்த நேரத்தில் படிக்கிறவள் அவன் கணக்கில் சும்மாதான் இருந்தாள்.

வீட்டில் கணினி கிடையாது. பசாரில் பாயிஸின் நெட் கடையில், பலகையடித்து மறைத்த மூலையில் இருந்துதான் படித்தாள். யுத்த காலம். ஹர்த்தால் என்றால் கடை பூட்டு. எங்கேயாவது குண்டு வெடித்தால் லைன் இல்லை. இத்தனைக்கும் நடுவில் மாடு, ஆடு, கோழி என்று ஒவ்வொரு பாடமாக முடித்தாள். அந்த நாட்களில் பாயிஸுக்கு அவளைப் பற்றிப் பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் மூலையைக் காட்டுவான்.

"எங்கட நதீரா ராத்தா மாட்டு டொக்டருக்குப் படிக்கா."

யுத்தம் முடிந்தது. வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டினார்கள், கடைகள் கூடுதல் நேரம் திறந்திருந்தன. நாட்டுக்கே சமாதானம் வந்த அந்த மாதத்தில்தான் நதீராவின் யுத்தம் தொடங்கியது. கடைசிப் பாடம் பன்றி வளர்ப்பு.

தனக்கு விலக்குத் தரும்படி கல்லூரிக்கு எழுதினாள். அது கட்டாயப் பாடம் என்று பதில் வந்தது. ஆனி மாத முடிவுக்குள் பன்றி பற்றி எழுதவேண்டிய ஒப்படைக் கட்டுரையை அனுப்பாவிட்டால் பதிவு ரத்து. முதலாம் பாடத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும்.

உண்மையில் அந்தப் பாடத்துக்கு முதல் எதிரி அவள்தான். "அஊது பில்லாஹ்" என்று ஷைத்தானிடமிருந்து காவல் தேடித்தான் பக்கத்தைத் திறப்பாள். மௌஸைக் கூட விரல் நுனியால் பிடித்தாள். படிக்கப் படிக்க எரிச்சல் வேறு. இடம் கொடுத்தால் பன்றி தான் படுக்கும் இடத்தில் அசுத்தம் செய்யாதாம். ஈனுவதற்கு முன் புல்லும் சருகும் சேர்த்துக் கூடு கட்டுமாம். ஆகாதவர் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் நன்றாகச் செய்துவிட்டதைக் கேட்டவள்போல உதட்டைச் சுழித்துக்கொண்டு அதையும் எழுதினாள். நாற்பது பக்கம் எழுதியாகிவிட்டது.

அன்றைக்குத் திரை நிறையப் பன்றியும் குட்டிகளும். குவைத்திலிருக்கும் புருஷனுக்கு மெயில் அனுப்ப வந்த சுஹறா பலகைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைத் தையற்காரர் ஊசியோடு எழுந்து வந்தார். பின்னேர அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் மசூர் கட்டாரிலிருந்து அழைத்தான்.

"நீ பண்டி வளக்கிறயாமே?"

கடல் தாண்டுவதற்குள் படிப்பு வளர்ப்பாகியிருந்தது.

பக்கத்து வீட்டுக்கு அவள் கொடுத்தனுப்பிய கறிக்கோப்பை மூடி திறக்காமலே திரும்பி வந்தது. பாயிஸின் கடைக்கு ஈ, காக்கை கூட வரவில்லை. அவன் மௌலவியிடம் ஓடினான். மௌலவி நிதானமான மனிதர்.

"படத்தப் பாத்தா நஜீஸாகாது, அசுத்தம் ஒட்டாது. படிக்கிறதும் ஹறாமில்ல. போய்க் கடையத் திற."

மௌலவி சொன்னால் முடிந்தது என்று நினைப்பது வெளியூர்க்காரர்கள்தான். மௌலவியை விட ஒரு பிடி கூடுதலாக மார்க்கம் பார்ப்பதில் எங்கள் சனங்களுக்கு ஒரு தனி இன்பம். ஈரப் பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால், என்பது சட்டம். அது பாத்திரத்துக்கு. பாயிஸ் கீபோட்டையும் மௌஸையும் தூக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆ கலைந்துவரும் நேரமாகப் பார்த்துக் கடை வாசலுக்கு வந்தான். வாளி, தண்ணீர், சுத்தமான மண் எல்லாம் ஆயத்தம். எல்லோரும் பார்க்கக் கழுவினான். அதோடு விட்டிருந்தால் ஒரு கீபோட்டோடு போயிருக்கும். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கீபோட்டக் கழுவி என்னத்துக்குடா? பண்டி பெட்டிக்குள்ளயல்லவா இரிக்கி!"

தர்க்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. பன்றி பெட்டிக்குள்தான் இருந்தது. பாயிஸ் கொழும்பில் கணினி படித்தவன். தண்ணீர் பட்டால் பெட்டிக்கு என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். வாடிக்கையாளர் வராவிட்டால் கடைக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். பெட்டியைத் தூக்கி வந்து, மூடியைக் கழற்றி, ஏழு தரம் ஊற்றினான். கிழக்கு மாகாணத்திலேயே மார்க்க முறைப்படி அதிசுத்தமான அந்தக் கணினி அதற்குப் பிறகு உயிர்க்கவில்லை. நாற்பது பக்கமும் அதோடு போயின. வைரஸ் வரும் என்று பென்ட்ரைவ் குத்த விடாதவன் பாயிஸ். அவளிடம் வேறு பிரதி இல்லை.

"ஆரக் கேட்டுக் கழுவின?" என்று நதீரா கத்தினாள்.

"ஆரக் கேட்டு நீங்க பண்டியக் கொண்டந்த?" என்று அவனும் கத்தினான்.

பசார் முழுக்க அவன் பக்கம் நின்றது. வேறு கடைகளிலும் அவளைக் கண்டதும் லைன் இல்லை என்றார்கள். நதீரா அபாயாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு பஸ் ஏறித் தமிழர் ஊரான பாண்டிருப்புக்குப் போனாள். அங்கே குணத்தின் நெட் கடை. குணமும் பூவைத் தூவி வரவேற்கவில்லை.

"உங்கட ஆக்கள் இஞ்சால வாறதில்லையே. வழி மாறி வந்திட்டீங்களோ?"

"காசுக்குத்தானே தாறீங்க? ஒரு கம்பியூட்டர் தாங்க."

"தாறன். கழுவிற எண்ணம் இருந்தா முன்னமே சொல்லிப்போடுங்க, அக்கா."

செய்தி அங்கேயும் போயிருந்தது. யாரும் எதுவும் கதைத்துவிடக் கூடாது என்று வாசலுக்கு நேரே, தெருவெல்லாம் பார்க்கும் இடத்தில் அவளை இருத்தினான். அது அவளுக்காகவும்தான், கடைக்காகவும்தான்.

கல்லூரிக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள். தன் ஒப்படை இருந்த கணினியை ஊரில் தண்ணீரும் மண்ணும் ஏழு தரம் அடித்துக் கழுவிவிட்டன என்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். மறுநாளே பாடப்பொறுப்பாளரிடமிருந்து பதில். உங்கள் கரையோர ஊரை மறுபடியும் வெள்ளமும் சேறும் ஏழு தடவை தாக்கியதை அறிந்து துயரமடைந்தோம். இயற்கை அனர்த்தத்தால் பாதிக்கப்பட்ட மாணவர்களுக்கான விதிப்படி உங்களுக்கு இரண்டு வாரம் கூடுதல் அவகாசம்.

நதீரா அதைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். வெள்ளமில்லை, பாயிஸ் என்று திருத்தி எழுதத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். உண்மையான கடல் வந்து அவள் வீட்டு முன்சுவரைக் கொண்டுபோனபோது, பின்சுவர் நிற்கிறது, இது அரைச் சேதம் என்று நிவாரணம் கேட்டுப் போனவளைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது இல்லாத வெள்ளத்துக்கு முழு அனுதாபம். எழுதியதை அழித்துவிட்டு முதலாம் பக்கத்தைத் தட்டத் தொடங்கினாள்.

வேலை முடிந்து தினமும் பாண்டிருப்பு. ஊருக்கு இது இரண்டாவது குற்றம்: பன்றியும் படிக்கிறாள், அதுவும் அங்கே போய்ப் படிக்கிறாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அவள் அதில் பையை வைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் ஒப்படையை ஏற்றிக்கொண்டிருந்தாள். லைன் நத்தைபோல ஊர்ந்தது. அப்போது வாசலில் பாயிஸ் வந்து நின்றான்.

"ராத்தா, ஒரு கதை."

"சொல்லு."

"கழுவினதால இன்னும் மோசமாப் போயிட்டு. 'பண்டி இல்லாட்டி என்னத்துக்குக் கழுவின?' எண்டு கேக்காங்க. கடையில ஒரு குருவி இல்ல."

"அதுக்கு?"

"நீங்க ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். மாட்டத்தான் படிச்ச, சுஹறாக்குக் கண் மாறிப் போயிட்டு எண்டு. எனக்கும் நல்லம், உங்களுக்கும் நல்லம். ஊரும் வாய மூடிரும். சுஹறாவும் ஒத்துக்கிறதாச் சொல்லிட்டா."

உண்மையில் அது மலிவான சமாதானம். கோப்பைகள் திறக்கப்படும், பஸ்ஸில் ஆள் உட்காரும், மசூர் நிம்மதியாகத் தூங்குவான். நதீரா திரையைப் பார்த்தாள். அவள் இரண்டு தரம் எழுதிய பன்றி பாதி போயிருந்தது, பாதி இருந்தது.

"பாயிஸ், பண்டி இருந்த. நாப்பது பக்கம். முழுப் பண்டி."

"மெள்ளக் கதைங்க, ராத்தா!"

"ஏன் மெள்ளக் கதைக்கோணும்? நீ வெள்ளிக்கிழம பாத்து ரோட்டில வெச்சிக் கழுவினாய்."

குணம் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே எதையோ தேடினான். பிறகு எழுந்து திரையை எட்டிப் பார்த்தான்.

"போயிட்டு, அக்கா."

நதீரா கைப்பையை எடுத்தாள். பாயிஸ் வழியை விடாமல் நின்றான்.

"அப்ப கேக்கிற ஆக்களுக்கு நான் என்னத்தச் சொல்ற?"

"என்னட்ட அனுப்பு. குட்டி போடுறதில இருந்து விளக்கமாச் சொல்றன்."

அந்தப் பாடத்தில் அவள் நல்ல புள்ளியோடு சித்தியடைந்தாள், வெளிக்கள வேலையும் கிடைத்தது. விளக்கம் கேட்க மட்டும் இன்றுவரை ஒருவரும் வரவில்லை.