ஒரு பெயின்டரும் மூன்று பச்சையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோர் முன்னாலும், எங்கள் சபைக் கமிட்டி என் மகன் சாம்சனின் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்தது. "ரேட் கூடுதல்" என்று சொல்லியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். சொன்னது வேறு...

சாம்சன் பெயின்டிங் கான்ட்ராக்டர். இதுவரை வீடுகள்தான். முதல் பெரிய வேலை எங்கள் சர்ச். பாதி பழைய சுண்ணாம்புச் சுவர், பாதி புதிதாக நீட்டிக் கட்டிய சிமென்ட் சுவர். இரண்டும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். கமிட்டியின் ஒரே கண்டிஷன் அதுதான்.

அதற்காகவே நெய்யாற்றின்கரைக்குப் போய் விசிட்டிங் கார்டு, லெட்டர்ஹெட், கவர் எல்லாம் புதிதாக அடித்து வந்தான். எல்லாவற்றிலும் ஒரு பச்சை பிரஷ் படம். வீடே கூடிப் படித்தது. மருமகள் போன் நம்பரை மூன்று தடவை சரிபார்த்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது (இதையும் நான் சொல்ல, அவள்தான் எழுதுகிறாள்). அதனால் படத்தைப் பார்த்தேன்.

பளபள கார்டில் வாழைத் தளிர். லெட்டர்ஹெட்டில் வாடின இலை. பழுப்புக் கவரில்... கிணற்றுப் பாசி.

"எலே மக்கா, இது மூணு பச்சையாக்கும்."

"அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல. நான் போன்ல பாத்து ஓகே சொன்ன கலராக்கும்."

கண் டாக்டர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை!

கமிட்டி செக்ரட்டரி ரிட்டயர்ட் வாத்தியார். அந்த ஞாயிறு, கொட்டேஷனோடு வந்த மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். "சாம்சா, உனக்க பேப்பருலயே பச்சை ஒத்து வரல்ல. எங்களுக்க சுவரு எப்பிடிடே ஒத்து வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"ஒரு வாரம் டைம். சரியா காட்டு. இல்லேன்னா வேலை திருப்புறத்து கான்ட்ராக்டருக்கு."

மறுநாளே பிரஸ்ஸுக்குச் சண்டைக்குப் புறப்பட்டான். நானும் கூடப் போனேன். இப்படியொரு சண்டையை விட முடியுமா? வழியில் ஒருத்தி நல்ல சாளை மீன் வைத்திருந்தாள். வாங்க விடவில்லை, பாவி.

பிரஸ்காரர் அசையவில்லை. "மை ஒண்ணுதான் கேட்டோ. தாளு வேற. கார்டுல மை மேல நிக்கும். லெட்டர்ல தாளு குடிக்கும். கவருக்க நிறமே பழுப்பு. வெள்ளை போதும்னு சொன்னேன், ஸ்டைலுன்னு நீரு கேக்கல்ல."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சுவரு பெயின்ட குடிக்கும், பிரைமர் வேணும்னு ஊரெல்லாம் சொல்லி நடக்கியே... தாளு மட்டும் என்ன, உபவாசமா?"

முறைத்தான். பிறகு காதைச் சொறிந்தான். நம் தொழில் என்றால் ஒரு மணி நேரம் விளக்குவோம். அடுத்தவன் தொழில் என்றால் 'இதிலென்ன இருக்கு?' நாம் எல்லோருமே அப்படித்தானே?

கடைசியில் வெள்ளைக் கவர் வந்தது. தாளுக்குத் தக்கபடி பச்சையை மாற்றிக் கலந்தார் பிரஸ்காரர். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அடித்து, மூன்றையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பார்த்து, பிறகுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிறு சாம்சன் பழைய மூன்றையும் புதிய மூன்றையும் மேசையில் வைத்தான். "சார், இந்தப் பழசு மூணும் ஒரே மை. அந்தப் புதுசு மூணும் வேற வேற மை. கண்ணுக்கு எது ஒண்ணா இருக்கு? உங்க பழைய சுவருக்கும் புது சுவருக்கும் ஒரே டப்பாவ திறந்து அடிக்க மாட்டேன்."

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "கொள்ளாமே, நல்லா இருக்கே!"

வேலை அவனுக்குத்தான். இப்போது சுவரில் பழசு எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உட்காருகிறவர்களைப் பார்த்தால் தெரிந்துவிடும் — பழைய குடும்பங்கள் பழைய பக்கம், பின்னால் வந்து சேர்ந்தவர்கள் புதுப் பக்கம். இதற்கு என்ன பிரைமர் என்று சாம்சனிடம் கேட்டேன்.

"அம்மா, அது நமக்க கொட்டேஷன்ல இல்ல" என்றான்.