ஜெனி வாசிப்பதற்காக என் குரல் போனது

இதை வாசிக்கும் அன்பானவரே, மேடை ஏறினால் நடுவரை விளித்துத்தான் நான் பேச்சைத் தொடங்குவேன். இன்று எனக்கு நடுவர் வேண்டாம்; சாட்சி வேண்டும். நான் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். எங்கள் வீட்டில் ஆண்டவர் செய்த நன்மைக்கு நீங்களும் ஒரு சாட்சியாக நில்லுங்கள்.

என் பெயர் சாமுவேல். கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். சைதாப்பேட்டையில் அக்கா எஸ்தரோடும் அவருடைய மகள் ஜெனியோடும் வசிக்கிறேன். அக்காவுக்குத் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. அக்காவின் கணவர் ஓசூரில் தொழிற்சாலையில் இருக்கிறார். விடுமுறை கிடைத்தால்தான் வருவார். எனவே மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஜெனியின் வீட்டுப்பாடம் முழுக்க என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நான் சிறப்பாகவே செய்கிறேன் என்று சபை முழுவதும் பேசும். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் முதல் பரிசு ஜெனிக்குத்தான். "மாமனைப் போல மருமகள்" என்று போதகர் ஐயா சொன்னபோது என் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் ஜெனியின் வகுப்பாசிரியை எங்களை அழைத்தார். அக்கா கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்தார். ஆசிரியை தமிழ்ப் புத்தகத்தில் பழைய பாடம் ஒன்றை விரித்தார். ஜெனி விரலை வைத்துக்கொண்டு கணீரென்று வாசித்தாள். எந்த இடத்தில் நான் குரலை உயர்த்துவேனோ அந்த இடத்தில் உயர்த்தினாள். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள். பாதிப் பக்கத்தில் ஆசிரியை தம் உள்ளங்கையால் பாடத்தை மூடினார். ஜெனி நிற்கவில்லை. மூடிய பக்கத்தைப் பார்த்தபடியே கடைசி வரி வரை வாசித்து முடித்தாள்.

பிறகு, இன்னும் நடத்தாத பாடம் ஒன்றை விரித்தார். ஜெனி முதல் எழுத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"கொழந்தைக்கு நல்ல மூளைங்க. காதால கேட்டே மூணாங்கிளாஸ் வரைக்கும் வந்துட்டா. ஆனா படிக்கத் தெரியாது" என்றார் ஆசிரியை.

நான் ஒரு வரியை உரக்கச் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். எங்கள் வீட்டில் பாடம் படிப்பது என்றால் அதுதான். ஞாயிறு பள்ளியில் வசனம் கற்றுத்தருவதும் அப்படியே. பேச்சுப் போட்டிகளுக்கு நானே தயாரானதும் அப்படியே. அது வாசிப்பு ஆகாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

அன்று மாலை அக்கா கணவரிடம் தொலைபேசியில் சொன்னார். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் வலித்தது. "திருநெல்வேலியில என் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துல ஆஸ்டல் ஸ்கூல் ஒண்ணு இருக்கு. அங்க ஒக்கார வச்சுப் படிக்க வைப்பாங்க. ஈஸ்டருக்கு வர்றேன். அதுக்குள்ள படிச்சா இங்க இருக்கட்டும். இல்லன்னா ஜூன்ல அங்க சேத்துடலாம்" என்றார். அக்கா ஜெனியின் சீருடையைத் துவைக்கப் போனார். குழாயைத் திறந்து விட்டு அழுதார். குழாய்ச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

மறுநாளே நான் புதிய முறையில் இறங்கினேன். எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன். பலன் இல்லை. காரணம் எனக்கே தெரிந்தது. அவள் கண் எழுத்தில் இல்லை. என் உதட்டில் இருந்தது. அவள் ஒரு சொல்லில் தயங்கினால் என் வாய் தானாகத் திறந்தது. முதல் அசையை நான் தொடங்கினால் போதும், மீதியை அவள் பிடித்துக்கொள்வாள். வாயை மூடிக்கொள்ள எவ்வளவோ முயன்றேன். மூன்று மணித்துளி மௌனம் எனக்கு மூன்று யுகம்.

மனம் உடைந்தது. ஜெனி இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சபையில் பொது ஜெபத்துக்கு என்னை அழைத்தால், முன்னுரை, விரிவுரை, முடிவுரை என்று ஆண்டவருக்கே சொற்பொழிவு ஆற்றுகிறவன் நான். அன்று சமையலறையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பருகே முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு எழுத்தைக் காட்டும். அதற்கு என்னிடம் எது தடையோ அதை எடுத்துப்போடும்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் கல்லூரிகளுக்கு இடையிலான விவாதத்தின் அரையிறுதி. வென்றோம். மறுநாள் காலை எழுந்து "அக்கா, காபி" என்றேன். காற்றுதான் வந்தது. அடையாறில் ஒரு தொண்டை மருத்துவரிடம் அக்கா அழைத்துப்போனார். குரல்நாண் வீங்கிவிட்டது என்றார் மருத்துவர். "மறுபடி நான் பாத்துச் சொல்ற வரைக்கும் பேசவே கூடாது தம்பி. குசுகுசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் மோசம்."

இறுதிச் சுற்றில் பேசும் வாய்ப்பு போனது. அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தேன். ஆண்டவரிடம் வாதாடக்கூட எனக்குக் குரல் இல்லை என்று புழுங்கினேன். நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

மாலையில் ஜெனி பள்ளியிலிருந்து வந்தாள்.

"மாமா, நெஜமாவே வாய்ஸ் பூட்ச்சா? எங்க, ஆ சொல்லு."

தலையாட்டினேன். அவளுடைய பழைய சிலேட்டை எடுத்து, 'பஜ்ஜி வேண்டுமா' என்று பெரிதாக எழுதினேன். அவள் சிலேட்டைப் பார்த்தாள். பழக்கப்படி என் உதட்டைப் பார்த்தாள். உதடு அசையவில்லை. மறுபடியும் சிலேட்டைப் பார்த்தாள். "ப" என்றாள். "பஜ்" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பாய் ஒருவர் பஜ்ஜி போடுகிறார். என்னைக் கண்டதும் அவர் வாய் சும்மா இருக்காது.

"வா நைனா, வா. இன்னா, ஒண்ணும் பேசாம நிக்கற? மைக்கு அவுட்டா?"

"மாமாக்கு வாய்ஸ் இல்ல பாய். நான்தான் பேசணும்" என்றாள் ஜெனி.

"அடடா, ஊரே நிம்மதியா தூங்கும். சரி பாப்பா, இன்னா வோணுமாம்?"

சிலேட்டில் 'வாழைக்காய்' என்று எழுதியிருந்தேன். அவளுக்குப் பிடித்தது அதுதான். அவளோ அதைப் பார்க்கவே இல்லை. நான் எப்போதும் வாங்குவது நினைவிருந்ததால், "வெங்காயம் நாலு" என்றாள். பாய் நான்கு வெங்காய பஜ்ஜியைக் கட்டிக் கையில் கொடுத்தார். ஜெனிக்கு வெங்காயம் ஆகாது. நான் வாழைக்காய் என்று எழுதியதைச் சுட்டிக்காட்டினேன். அவள் அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்தாள். வழியெல்லாம் பஜ்ஜியிலிருந்து வெங்காயத்தைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் கடை முன்னால் நின்று சிலேட்டை இரண்டு கையாலும் பிடித்து, எழுத்து எழுத்தாகக் கடைசி வரை வாசித்தாள். பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. "மொளகா... ஒண்ணு. வாழக்காய் மூணு" என்றாள்.

"இன்னா எழுத்து பாப்பா இது, கோழி கிளறுனா மாதிரி கீது. உங்க மாமன் பேசறது மட்டும்தான் அழகா?" என்றார் பாய். ஜெனி சிரித்த சிரிப்பில் ஒரு பஜ்ஜி அதிகமாக விழுந்தது.

அன்பானவரே, அதன்பிறகு எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் சிலேட்டில்தான் நடந்தது. நான் வேடிக்கை எழுதினால் அவள் வாசித்தால்தான் சிரிக்க முடியும். நான் திட்டி எழுதினாலும் அவள் வாசித்தால்தான் கோபித்துக்கொள்ள முடியும். வீட்டுப்பாடத்துக்கு உட்காரும்போது அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். தவறினால் அந்தச் சொல்லின் மேல் விரலால் தட்டிவிட்டுக் காத்திருப்பேன்.

"சொல்லேன் மாமா. ஒரே ஒரு வார்த்த தான."

தொண்டையைத் தொட்டுக் காட்டுவேன்.

"சும்மா ஆக்ட் வுடற நீ" என்று முறைப்பாள். என் வாயை விரலால் திறந்துகூடப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் புத்தகத்துக்குத் திரும்புவாள். அவள் தனியே தட்டுத்தடுமாறி ஒரு சொல்லைப் பிடித்தபோதெல்லாம், நான் வாங்கிய எந்தக் கைத்தட்டலிலும் இல்லாத மகிழ்ச்சி என் உள்ளத்தில் பொங்கியது. ஒரு மாலை நான் சோர்ந்து படுத்திருந்தேன். கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். "நீ பேசாத. நான் கத படிக்கறேன், நீ தூங்கு" என்றாள். கதை முடியும் முன் அவள்தான் தூங்கினாள்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு நாட்களின் நடுவில் என் குரல் மெல்லத் திரும்பியது. அளவாகப் பேச மருத்துவர் அனுமதித்தார். வீட்டுப்பாட நேரத்தில் மட்டும் சிலேட்டை நான் கைவிடவில்லை.

ஈஸ்டருக்கு அக்காவின் கணவர் வந்தார். அன்று இரவு உணவுக்கு முன் குடும்ப ஜெபம். ஆளுக்கொரு வசனம் வாசிப்பது எங்கள் வழக்கம். ஜெனியின் முறை வந்தது. அவளுக்கு மனப்பாடமான பகுதிகளை அவள் அப்பா அறிவார். அவற்றைத் தவிர்த்து, பக்கங்களைப் புரட்டி எங்கோ ஓரிடத்தில் விரல் வைத்தார். "இத படிம்மா" என்றார். அக்கா என் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

ஜெனி தொடங்கினாள். ஏற்ற இறக்கம் இல்லை. மேடைத் தோரணை இல்லை. ஒவ்வொரு சொல்லாகக் காலை ஊன்றி நடப்பவளைப் போல வாசித்தாள். நீளமான ஒரு பெயரில் நின்றுவிட்டாள். தலையை நிமிர்த்தி என் உதட்டைப் பார்த்தாள். அந்தப் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. இப்போது குரலும் இருந்தது. அவள் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பற்களைக் கடித்துக்கொண்டு வாய் திறவாமல் இருந்தேன்.

ஜெனி குனிந்தாள். அந்தப் பெயரை முதலிலிருந்து தொடங்கினாள். தவறினாள். மறுபடியும் தொடங்கினாள். வாசித்தாள். வசனம் முடிந்தது.

"இன்னொண்ணு படி" என்றார் அவர். அடுத்ததையும் வாசித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எஸ்தரு, தங்கச்சிக்குப் போன் போட்டு ஆஸ்டல்ல சீட்டு வேணாம்னு சொல்லிடு" என்றார். "யாரு ஆஸ்டலுக்குப் போறாங்க?" என்று ஜெனி கேட்டாள். அக்கா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இன்றும் அவள் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். கூட்டெழுத்தில் இடறுகிறாள். ஆனால் கடைப் பலகைகளைப் பேருந்து ஜன்னலிலிருந்து வாசித்துக்கொண்டே வருகிறாள். வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கலங்கி நிற்கும் தகப்பனே, தாயே, மாமனே, முழங்காலிடுங்கள். பதில் நீங்கள் எதிர்பார்த்த உருவத்தில் வராமல் போகலாம். உங்களுக்குப் பெருமையான ஒன்றை இழக்கும்படி நேரலாம். அப்போதும் நம்புங்கள். அவர் பிள்ளைகளை மறப்பவர் அல்லர்.

அந்த ஈஸ்டர் இரவு ஜெபத்தை முடித்துவைக்கும்படி அக்காவின் கணவர் என்னிடம் சொன்னார். பல வாரங்களுக்குப் பின் வாய்விட்டு ஜெபித்தேன். எல்லார் காதிலும் விழும்படி, ஜெனியின் தலைமேல் கை வைத்துச் சொன்னேன்: "ஆண்டவரே, ஸ்தோத்திரம். நீர் திருப்பித் தந்த குரலின்மேல் உமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இவள் வாசிக்கும்போது நான் பேச மாட்டேன். இவள் ஒரு சொல்லில் நின்றால், இவளே அதைத் தாண்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பேன்."