தாயம்மா நடத்திய தொலைபேசி விவாதம்

ரந்தாவ் டவுனுக்குப் பக்கத்தில் பத்தாங்கட்டை தோட்டத்தில் கணேசமூர்த்தி கிராணியாக இருந்தார். ஆபீஸ் கணக்கு எழுதுவது வயிற்றுக்காக. அவர் உயிரை வைத்திருந்தது வருடாவருடம் நடக்கும் மாணவர் விவாதப் போட்டியில்தான். இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுத் தோட்டங்களிலிருந்து லோரியில் ஏற்றி வருவார்கள். மண்டபத்தில் மைக்கைப் பிடித்து அவர் வரவேற்புரை சொன்னால் கைதட்டு நிற்க நேரமாகும். அவர் மனைவி தாயம்மா பின்கட்டில் பிள்ளைகளுக்குச் சாப்பிட மீகூன் கிளறிக்கொண்டிருப்பாள்.

1993-இல் தோட்டம் கைமாறியது. புது மேனேஜர் லோரி தர முடியாது என்றுவிட்டார். “இந்த வருஷம் போட்டி இல்ல” என்று கணேசமூர்த்தி அறிவித்தார். நாலு பேர் வந்து கெஞ்சுவார்கள், பிறகு ஏதாவது வழி பார்க்கலாம் என்பது அவர் நினைப்பு. யாரும் வரவில்லை.

ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த தாயம்மாதான் ஒரு நாள் வீட்டில் அவருக்குச் சோறு போடும்போது சொன்னாள்.

“ஏங்க, போன்லயே வச்சா என்னா?”

“எத?”

“போட்டியத்தான். டவுன்ல சாத்தப்பண்ணன் கடையில புது போன் வாங்கியிருக்காரு. ரிசீவர எடுக்க வேணாம், பேசறது கடை முழுக்கக் கேக்குது. பகாவ்ல என் தங்கச்சி செல்லம்மா வேலை செய்யற கிளினிக்லயும் அதே மாதிரி இருக்காம். நம்ம பிள்ளைங்க இங்க, அந்த ஊரு பிள்ளைங்க அங்க.”

கணேசமூர்த்தி சிரித்தார். “விவாதம்னா மேடை வேணும், ஆள் முகம் பார்க்கணும். போன்ல பேசறதுக்குப் பேரு அரட்டைலா.”

அடுத்த ஞாயிறு அவள் பஸ் ஏறி ரந்தாவுக்குப் போனாள். சாத்தப்பன் ஞாயிறு காலையில் கடையைத் தருவதாகச் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நல்லசாமி நடுவராக இருக்கச் சம்மதித்தார். தொலைக்காட்சி மாணவர்களுக்கு நன்மையா தீமையா என்று தலைப்பையும் அவளே வைத்தாள். அந்தப் போனில் ஒரு குறை இருந்தது. இந்தப் பக்கம் சத்தம் வந்தால் அந்தப் பக்கத்துக் குரல் அறுந்துவிடும். அதனால் ஒருவர் பேசி ‘முடிந்தது’ என்று சொல்லும்வரை மற்றவர்கள் மூச்சுக்கூட விடக்கூடாது என்று பிள்ளைகளைப் பழக்கினாள்.

தோட்டமெல்லாம் இதே பேச்சு. ஆபீசுக்குச் சம்பளம் வாங்க வந்தவர்கள்கூட, “கிராணி, உங்க வீட்டுல பெரிய வேலையா செய்றாங்களே” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கணேசமூர்த்தி தலை நிமிராமல் சம்பளத்தை எண்ணினார். பத்து வருடம் தான் கட்டியதை இவள் ஒரு மாதத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. இரவில் அவள் தங்கையிடம் என்ன சொன்னாள், வாத்தியாரிடம் எப்படிப் பேசினாள் என்று ஆசையாகச் சொல்ல வரும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

“நேரம் பார்த்து மணியடிக்க ஆள் வேணும். நீங்கதான் சரியா செய்வீங்க” என்று அவள் கேட்டாள். மறுத்தால் ஊர் என்ன நினைக்கும் என்று ஒத்துக்கொண்டார்.

போட்டியன்று கடையில் அரிசி மூட்டைமேல்கூட ஆள். மேஜைமேல் போன், அதைச் சுற்றிப் பிள்ளைகள். தாயம்மா நல்ல சேலை கட்டி, குரல் நடுங்காமல் வரவேற்றாள். ‘ழ’ சரியாக வரவில்லையே என்று கணேசமூர்த்தி மனதுக்குள் குறித்துக்கொண்டார். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பகாவ் பக்கத்திலிருந்து முத்துலெட்சுமி என்ற, படிவம் மூன்றில் படிக்கும் மாணவி பேசினாள். “எங்கள் வீட்டுக்கு டிவி வந்த பிறகுதான் அப்பா சாயங்காலத்தில் வீட்டில் உட்கார ஆரம்பித்தார். அதற்கு முன்னால் அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை” என்றது அந்தப் போன்.

கடையில் ஒருவரும் அசையவில்லை. தன்னுடைய மண்டபத்தில் இப்படியொரு அமைதி ஒரு நாளும் விழுந்ததில்லை என்பது கணேசமூர்த்திக்கு உறைத்தது. கை தானாக மணியை அடித்தது. பெண்ணின் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.

தாயம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். போனுக்குக் குனிந்து, “மணி தப்பா அடிச்சிருச்சும்மா. உனக்கு இன்னும் நேரம் இருக்கு, பேசு” என்றாள். அதற்குமேல் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பகாவ்தான் ஜெயித்தது. ரந்தாவ் பிள்ளைகளே போனுக்குக் கைதட்டினார்கள்.

திரும்பும்போது தோட்டத்துப் பாதை வந்ததும், மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவர் தோளைத் தட்டினாள். “மணிய ஏன் அடிச்சீங்க?” என்றாள்.

பொய் சொல்லத்தான் வாயெடுத்தார். வரவில்லை. “ஒருத்தனும் என் பேரச் சொல்லல தாயம்மா. இத ஆரம்பிச்சவன் நான்.”

“பத்து வருஷமா உங்க பேர மைக்குல சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க. நான் உள்ள மீகூன் கிளறிக்கிட்டே கேட்டேன். என் பேர எவனாச்சும் சொன்னானா? அதுக்காக நான் அந்தப் பிள்ளைங்க தட்டத் தட்டி விட்டேனா?”

அவர் மோட்டாரை நிறுத்தினார். திரும்பி அவளைப் பார்த்துவிட்டு மறுபடி முடுக்கினார்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் பகாவ் கிளினிக்குக்குப் போன் போட்டு, முத்துலெட்சுமியிடம் தன் மன்னிப்பைச் சொல்லும்படி செல்லம்மாவிடம் கேட்டுக்கொண்டார். தாயம்மாவுக்கு அதைச் சொன்னது செல்லம்மாதான்.

அடுத்த வருடம் புக்கிட் பெலண்டோக் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். அறிவிப்பை அவரே ஆபீஸ் டைப் மிஷினில் தட்டினார். ‘ஏற்பாடு: திருமதி தாயம்மா’ என்று அடிக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது உண்மைதான். பொறாமை ஒரே நாளில் போய்விடவில்லை. ரந்தாவ் பசாரில் ஒருமுறை மீன்காரர், “நீங்க போன் போட்டி தாயம்மா வீட்டுக்காரர்தானே?” என்று கேட்டபோது அவர் முகம் சட்டென்று சுருங்கியது.

“ஆமாலா” என்றார், மீன் பையை வாங்கிக்கொண்டே.