மீன் தொட்டிக்கு நான் போட்ட விளக்கு

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். லீவில் இலஞ்சிக்கு வந்தபோது ஆசையாக ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு போனில் கூப்பிட்டாலே, "மீனைக் காட்டுட்டி" என்பதுதான் முதல் பேச்சு. எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான்.

தொட்டியின் விளக்கு கெட்டுப்போனதும், தென்காசிக்குப் போய் எல்இடி பட்டை, அடாப்டர், டிம்மர் எல்லாம் வாங்கி வந்து நானே ஒயரிங் செய்தேன். முதலில் எரியவில்லை. பிளஸ், மைனஸ் ஒயர்களை மாற்றிக் கொடுத்திருந்தேன். சரிசெய்ததும் தொட்டி முழுக்கப் பளீரென்று வெளிச்சம். பெருமை தாங்காமல் அவரை வீடியோ காலில் கூப்பிட்டு, போனின் பின்பக்க கேமராவில் தொட்டியைக் காட்டினேன்.

"நீயா செஞ்ச? நம்பவே முடியலட்டி! வெளிச்சத்தைக் கொஞ்சம் கொற."

டிம்மரைத் திருகினேன்.

"இன்னும் கொற."

மறுபடி திருகினேன். தொட்டி மங்கிப்போனது.

"இனிமே மீன் எங்கன தெரியும்?" என்றேன் எரிச்சலாக.

"மீன் கெடக்கட்டும். இப்பத்தான் கண்ணாடியில நீ தெரியுத. அப்படியே நில்லு."

நின்றேன். உன் முகத்தைக் காட்டு என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற மனுஷன் அவர் என்பது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. அதுவும் கண்ணாடியில் அவருக்குத் தெரிந்திருக்கும்.