கணவாயின் மூன்று இதயங்கள்

கணவாய்க்கு மூன்று இதயம் என்று உயர்தர உயிரியல் வகுப்பில் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு கதையில்லை. சாப்பிடும்போதும் அதைத்தான் கதைப்பேன். "பேசாமல் சாப்பிடு பிள்ளை," என்பார் அம்மா. எங்கள் வீட்டுக்குக் கணவாய் கறியாகத்தான் வரும். கறிக்குள் இதயத்தை எங்கே தேடுவது! ஆகவே, மீன் வந்திறங்கும் குருநகர்க் கரைக்குக் கல்விச் சுற்றுலா என்று ரீச்சர் சொன்னதும் துள்ளிக் குதித்தேன்.

பஸ் கிடைத்த நாளைப் பார்த்துத் திகதி வைத்த ரீச்சர், நல்லூர்த் திருவிழாவைப் பார்க்க மறந்துவிட்டார். கொடி ஏறிவிட்டால் கோப்பாயில் எங்கள் வீட்டு மீன்சட்டி பரணுக்குப் போய்விடும். அம்மா விரதம் வேறு.

"போறதெண்டால் போ. மீன் மச்சத்திலை மட்டும் கை வைக்கப்படாது, சொல்லிப்போட்டன்."

"ஓம் அம்மா," என்றேன். பார்க்கத்தானே போகிறேன் என்று நினைத்தேன்.

கரையில் இறங்கினால், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதே வாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ரீச்சரும் குடையைப் பிடித்தபடி தூரத்தில் நின்றுகொண்டு, "வடிவாய்ப் பாருங்கோ பிள்ளையள்!" என்று கத்தினார். மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தொடமாட்டியளெண்டால் என்னத்துக்குப் பிள்ளையள் வந்தனீங்கள்?"

கணவாயின் இதயத்தைப் பார்க்கவேண்டும் என்று நான் கேட்டதும், அக்கா அப்போதுதான் வலையிலிருந்து எடுத்த ஒரு கணவாயைப் பலகையில் போட்டுப் பிளந்துவிட்டு, மீன் வாங்க வந்தவரிடம் போய்விட்டார். கணவாயின் தோல் இன்னும் நிறம் மாறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே மையும் சவ்வும். சவ்வை விலக்கினால்தான் இதயம் தெரியும். என் சிநேகிதி அந்தக் கரையில் பிறந்த கத்தோலிக்கப் பிள்ளை, அவளுக்கு விரதமில்லை. "நீ விலக்கடி," என்று கெஞ்சினேன்.

"ஐயோ, எனக்குச் சத்தி வருதடி!" வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். கடற்கரைக்காரிக்கு வந்த சீரைப் பாருங்கள்!

தோலின் நிறம் மங்கிக்கொண்டே போனது. இனி எப்போது பார்க்கப்போகிறேன்? இரண்டு விரலால் சவ்வை விலக்கினேன். ஒவ்வொரு செவுளின் அடியிலும் ஒன்று, நடுவில் ஒன்று. மூன்றும் மெல்லத் துடித்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமா, பாவமா என்று இன்றுவரை தெரியாது. வெள்ளைச் சட்டையில் மை தெறித்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

வீட்டு வாசல் படலையில் நின்ற அம்மா முதலில் சட்டையைத்தான் பார்த்தார்.

"தொட்டிட்டன் அம்மா."

கிணற்றடிக்குக் கையைக் காட்டினார். வாளி வாளியாய் அள்ளித் தலையில் ஊற்றினார். ஊற்றிய வேகத்திலேயே கோபம் தெரிந்தது. இனி ஒரு பயணத்துக்கும் விடமாட்டார் என்று நினைக்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாளி விழவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். நிறைந்த வாளியோடு அம்மா அப்படியே நின்றார்.

"உண்மையைச் சொல்லு," என்றார். "மூண்டும் அடிச்சதோ?"